டானிங்டன் நிறுத்தத்தில் கிளட்ச்

முதல் இருமல் ஏழாம் கூண்டிலிருந்து வந்தது.
மே மாதம். ஊட்டிக்குப் போகும் கார்கள்
கோத்தகிரியில் நாய்களை இறக்கிவிட்டுப் போகும் மாதம்.
எலும்பு சிக்கியிருக்குமென்று
வாயைப் பிளந்து டார்ச் அடித்தேன்.
எலும்பில்லை.
மூக்கில் மட்டும் மஞ்சளாய் ஒரு கோடு.
"பெங்களூரு நாய்க்கு நம்ம பனி சேரலை"
என்றார் முதலாளி.

மறுநாள் ஒன்பது இருமியது.
அதற்கு மறுநாள் நான்கு, ஐந்து, பதினொன்று.
பனி என்ன
கூண்டு எண் பார்த்தா இறங்கும்?

டாக்டர் சுபைதா குன்னூரிலிருந்து வந்தார்.
காரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி
செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டார்.
மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சுழற்றி
குழாயில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்.
"இருமலைக் கேட்டுப் பேர் சொல்ல முடியாது.
ஃப்ளூவாக இருக்கலாம். நாய்க்கும் உண்டு.
முடிவு வரும்வரை
ஃப்ளூ என்றே நடந்துகொள்ளுங்கள்."
பிறகு என் கைகளைப் பார்த்தார்.

அந்தப் பார்வை விளங்கச் சற்று நேரமானது.
ஏழின் தண்ணீர்த் தட்டை எடுத்த கை.
அதே ஈரத்தோடு ஒன்பதின் காதைச் சொறிந்த கை.
ஒரே வாரை நான்கு கழுத்தில் மாட்டி
தேயிலைச் சரிவில் நடத்திப் போன கை.
இருமுவதற்கு முன்பே, இரண்டு மூன்று நாள்
வாலாட்டிக்கொண்டே அது பரப்பியிருக்குமாம்.
அந்த நாட்களில்தான் நான் நோட்டில் எழுதினேன்:
ஏழு, நல்ல பிள்ளை.

"எனக்கு வருமா டாக்டர்?"
"மனிதருக்கு வந்ததாக இதுவரை தெரியவில்லை.
உங்களுக்கு இருமல் வராது.
சுமந்துமட்டும் போவீர்கள்."

அன்றிலிருந்து கூண்டுக்கு ஒரு தட்டு, ஒரு வார்.
முதலில் இருமாத நாய்கள், கடைசியில் இருமுகிறவை.
நடுவில் சோப்பு, முழங்கைவரை.
நோயாளி அறைக்கென்று ஒரு காக்கிச் சட்டை,
அங்கேயே ஆணியில், வீட்டுக்கு வராமல்.
கேட்டில் அட்டை: புது நாய் எடுப்பதில்லை.
சீசன் பணம் அட்டைக்கு அந்தப் பக்கமாகவே
ஹாரன் அடித்துத் திரும்பிப் போனது.
பதிமூன்று வயது மேஜருக்கு மட்டும்
சளி நெஞ்சில் இறங்கிவிட்டது.
நூற்று நான்கு டிகிரி.
கோழிச் சாறை விரலில் தொட்டு நீட்டினால்
விரலை மன்னிப்பதுபோல் பார்க்கும்.

இதெல்லாம் கூண்டுக்குள்.
சாயங்காலம் டானிங்டன் நிறுத்தத்தில்
ஜீப்புகளுக்கு அடியில் கிளட்ச் காத்திருக்கும்.
யாருடைய நாயுமில்லை. டிரைவர்கள் வைத்த பெயர்.
தினமும் என் சட்டையை மோந்து
அன்றைக்கு நான் தொட்ட நாய்களையெல்லாம்
செய்தித்தாள்போல் படித்துவிட்டுத்தான்
வர்க்கியில் வாய் வைக்கும்.
அதற்குப் பின்னால் இந்த ஊரின் தெருநாய்கள்,
அரவேணுவரை, அதற்கும் கீழே.

எதிர்ப்பக்கமாக நடந்தேன்.
சாலையைக் கடந்து வந்தது.
போ என்றேன். விளையாட்டென்று நினைத்தது.
இன்னும் இரண்டடி.
குனிந்தேன்,
கல் எடுப்பதுபோல்.

தெருவில் பிறந்த நாய்க்கு
அந்தக் குனிதலுக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வர்க்கியை பேக்கரி ஹனீபா போட்டார்.
நான் தேயிலைக்குள் புகுந்து,
காட்டெருமை நிற்கும் குறுக்குப் பாதையில் வீடு போனேன்.
முடிவு வந்தது: ஃப்ளூதான்.
காலண்டரில் இருபத்தெட்டுக் கட்டங்கள்.
இருபத்தோராம் நாள் மேஜர் எழுந்து நின்றது.
சாப்பிடவில்லை. நின்றது.

கடைசிக் கட்டத்தை அடித்த மாலை
குளித்து, துவைத்த சட்டை போட்டு
நிறுத்தத்தில் வர்க்கியோடு உட்கார்ந்தேன்.
என் சட்டையில் அன்றைக்கு
படிப்பதற்கு எதுவுமில்லை.
ஜீப்புக்கு அடியில் இரண்டு கண்கள்.
வரவில்லை.
மஞ்சு இறங்கி, கடைசி பஸ்ஸும் போனபின்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

இருமவுமில்லை.